உங்கள் வார்டு எண் என்ன?

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவி பெறும் மாணவ மாணவியர் நால்வர், மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

இங்கே நிற்கும் நாங்கள் நால்வரும் உங்கள் பிள்ளைகள். இரண்டு பேர் பி.காம்., இரண்டு பேர் பி.ஏ. படிக்கிறோம். எங்கள் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதியை இந்த அறக்கட்டளைதான் கட்டுகிறது. அதனால், கடந்த விடுமுறையில் நாங்கள் என்ன செய்தோம் என்று உங்களிடம் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. நான்கு பேரும் சேர்ந்து எழுதியதை முறை வைத்துப் படிக்கிறோம். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளாட்சி நிர்வாகத்தில் பொதுமக்கள் பங்கெடுக்க வேண்டும் என்பதற்காக வேலை செய்யும் ஒரு தன்னார்வக் குழுவில் எட்டு வாரம் பயிற்சிக்குச் சேர்ந்தோம். பெரிய அலுவலகம் எல்லாம் இல்லை. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை, இரண்டு பீரோ, நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர்தான் ஒருங்கிணைப்பாளர். நாங்கள் அவரை ‘டீச்சர்’ என்றே அழைத்தோம். சம்பளம் கிடையாது. பஸ் காசும் மதியச் சாப்பாடும் உண்டு. எந்தக் கட்சியின் கொடியும் அந்த அறைக்குள் வரக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி.

முதல் நாள் டீச்சர் எங்களை உட்கார வைத்துக் கேட்ட முதல் கேள்வி, “உங்க வார்டு நம்பர் என்ன?”

எங்களில் ஒருவருக்குத்தான் தெரிந்தது. அதுவும் அவர் தம் வாப்பாவுடன் வீட்டு வரி கட்டப் போயிருந்ததால். “கவுன்சிலர் பேரு?” என்று கேட்டார்கள். மூன்று பேருக்குத் தெரிந்தது. “பகுதி சபைன்னா என்ன?” ஒருவருக்கும் தெரியவில்லை. அமெரிக்க அதிபர் யார், இந்திய கிரிக்கெட் அணியில் யார் யார் என்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்போம். நம் வாசல் சாக்கடை யாருடைய பொறுப்பு என்று கேட்டதும் தலை குனிந்துவிட்டோம்.

டீச்சர் கோபப்படவில்லை. “நீங்க மட்டும் இல்ல, ஊரே அப்படித்தான். அதனாலதான் இந்த ரூமுக்கு வாடகை கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்” என்றார்கள்.

முதல் வாரம் முழுக்கப் பாடம்தான். நாங்கள் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

1992-இல் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தில் இரண்டு திருத்தங்களை நிறைவேற்றியது. 73-வது திருத்தம் கிராமப் பஞ்சாயத்துகளுக்கு. 74-வது திருத்தம் பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளுக்கு. இரண்டும் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்பதெல்லாம் அதில் வந்தவை. தமிழ்நாட்டில் பெண்களின் பங்கு 2016-இல் பாதியாக உயர்ந்தது.

நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று 18 பணிகளை 12-வது அட்டவணை சொல்கிறது. குடிநீர், சாலை, குப்பை, சுகாதாரம், தெருவிளக்கு, பஸ் நிறுத்தம், பூங்கா என்று பட்டியல் போகிறது. அதைப் படித்துக்கொண்டே வந்தபோது நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்த இடங்கள் உண்டு. பிறப்பு இறப்புப் பதிவு அதில் இருக்கிறது. அடக்கத்தலங்கள் இருக்கின்றன. இறைச்சிக்கூடங்களை ஒழுங்குபடுத்துவது இருக்கிறது. ஏழ்மையைக் குறைக்கும் பணிகூட இருக்கிறது. ஒரு குழந்தை பிறந்தது முதல் மையத்து கபர் அடையும் வரை, நம் குடும்பத்துக்கு உள்ளாட்சியோடு தொடர்பு இருக்கிறது. நாம்தான் ஐந்து வருடத்துக்கு ஒரு நாள் ஓட்டுப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம்.

கிராமத்துக்கு கிராம சபை உண்டு என்பது பலருக்கும் தெரியும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களில் கூடிவந்தது. பிறகு மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமும், நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேர்ந்தன. நகரத்தில் இருப்பவர்களுக்கு அப்படி ஒன்று நீண்ட காலம் இல்லை. 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்ததல்லவா, அந்த ஆண்டில்தான் தமிழக அரசு வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று நகரங்களில் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியில் பம்மல் பகுதியில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார்.

ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. பகுதிக்கு ஒரு சபை. அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அந்தச் சபையின் உறுப்பினர். விண்ணப்பம் வேண்டாம், சந்தா வேண்டாம், யாருடைய சிபாரிசும் வேண்டாம். இங்கே உட்கார்ந்திருக்கும் பதினெட்டு வயது நிரம்பிய வாக்காளர் எல்லோரும், வீட்டில் சமையல் செய்துகொண்டிருக்கும் உம்மாவும் சேர்த்து, ஏற்கனவே உறுப்பினர்கள். குறையும் உண்டு. சபையின் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். பல இடங்களில் கூட்டம் நடக்கும் செய்தியே தெருவுக்கு வந்து சேர்வதில்லை. ஆனாலும் வாசல் என்று ஒன்று இருக்கிறது. திறந்து பார்ப்பது நம் கையில் இருக்கிறது.

இரண்டாம் வாரம் எங்களைத் தெருவுக்கு அனுப்பினார்கள். மேலத்தெரு, கீழத்தெரு, அவற்றை ஒட்டிய சந்துகள். ஒவ்வொரு வீட்டிலும் ‘இந்தத் தெருவின் முதல் தேவை என்ன?’ என்று கேட்டு எழுத வேண்டும். இங்கே நாங்கள் செய்த தவற்றைச் சொல்லியாக வேண்டும்.

வீடு வீடாகப் போக வெட்கம். அஸர் தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலிலும், டீக்கடை பெஞ்சிலும், மாலையில் கடைத்தெருவிலும் நின்று கேட்டோம். மூன்றே நாளில் தாள்கள் நிறைந்துவிட்டன. சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, நாய்த் தொல்லை என்று வரிசைப்படுத்தி, கட்டம் போட்டு, வண்ணம் தீட்டி டீச்சரிடம் கொடுத்தோம்.

அவர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள். “இதுல தண்ணிப் பிரச்சினையே இல்லையே?”

“யாரும் சொல்லலை டீச்சர்.”

“உங்க தெருவுல தண்ணி யாரு பிடிக்கிறாங்க?”

“பொம்பளைங்க.”

“அவங்கள்ல எத்தனை பேர்கிட்ட கேட்டீங்க?”

தாள்களைப் புரட்டிப் பார்த்தோம். ஒரே ஒரு பெண்மணிதான். அவரும் டீக்கடைக்காரரின் மனைவி.

மறுநாள் எங்களில் பெண்கள் இருவரும் கீழத்தெருவுக்குள் வீடு வீடாகப் போனார்கள். முதல் வீட்டு மாமி சொன்னது இது: “என்னம்மா கேக்குற? ராத்திரி ரெண்டரைக்கு வரும், மூணேகாலுக்கு நிக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள். அலாரம் வச்சு எந்திரிக்கணும். தூங்கிட்டா ரெண்டு நாளைக்குத் தண்ணி இல்ல.” அடுத்த வீட்டில் ஒரு ராத்தா, வீட்டு வேலைக்குப் போகிறவர். தண்ணீர் பிடித்துவிட்டுத் தூங்கி, விடிந்தும் எழ முடியாமல் வேலைக்குத் தாமதமாகப் போனதால் ஒரு வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதற்கடுத்த வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. உம்மாவுக்கு முதுகு வலி என்பதால் அவள்தான் குடம் தூக்குகிறாள். வகுப்பில் தூங்கி வழிவதற்கு ஆசிரியையிடம் திட்டு வாங்குகிறாள். காரணத்தைச் சொல்ல வெட்கம்.

இவர்கள் எல்லாம் நமக்கு அந்நியர்கள் அல்லர். பெருநாளைக்குச் சாப்பாடு பரிமாறிக்கொள்ளும் வீடுகள். அதே தெருவில் வளர்ந்த எங்களுக்கு இது தெரியவில்லை. அந்த வீட்டு ஆண்களில் பலருக்கும் தெரியவில்லை. அவர்கள் எழும்போது குடங்கள் நிறைந்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து, பழைய மனுக்கள் என்ன ஆயின என்று பார்க்கச் சொன்னார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் மதரஸா பக்கத்துச் சாக்கடை பற்றி நம் ஜமாஅத் சார்பில் மனு கொடுத்ததாகப் பெரியவர்கள் சொன்னார்கள். நகராட்சி அலுவலகத்தில் தபால் பிரிவுக்குப் போனோம். “மனு எண் சொல்லுங்க” என்றார் அங்கிருந்தவர். எண் இல்லை. “ரசீது?” இல்லை. “நகல்?” அதுவும் இல்லை. ஒன்று மட்டும் இருந்தது. மனு கொடுத்த அன்று பொன்னாடை போர்த்தி எடுத்த புகைப்படம். அது இன்றும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் பத்திரமாக இருக்கிறது.

பெரியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நல்ல எண்ணத்தோடுதான் போனீர்கள். கடை அடைத்துவிட்டு, சொந்தச் செலவில் போனீர்கள். ஆனால் மனுவைக் கையில் கொடுப்பது ஒன்று, அது பதிவேட்டில் ஏறுவது வேறொன்று. பதிவேட்டில் ஏறாத மனுவுக்குப் பதில் சொல்ல யாருக்கும் கடமை இல்லை.

அதன்பின் டீச்சர் எங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மனு எழுதக் கற்றுக் கொடுத்தார்கள். 2005-ஆம் ஆண்டின் சட்டம் அது. வெள்ளைத்தாளில் எழுதலாம். கட்டணம் பத்து ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘ஏன் தண்ணீர் வரவில்லை?’ என்று கேட்டால் பதில் கிடைக்காது, ‘நீர் விநியோக அட்டவணையின் நகல் வேண்டும்’ என்று கேட்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றோம். கேள்விக்குப் பதில் சொல்லாமல் நழுவலாம். காகிதத்தைக் கேட்டால் காகிதத்தைத் தர வேண்டும்.

இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. அட்டவணையில் கீழத்தெருவுக்கு நேரம் காலை 6 முதல் 7 வரை என்று இருந்தது.

எங்களுக்குக் கோபம் பொங்கியது. ‘காகிதத்தில் காலை ஆறு, தெருவில் இரவு இரண்டரையா? விடக்கூடாது’ என்று கிளம்பினோம். டீச்சர் தடுத்தார்கள். “யாரையும் குற்றம் சொல்றதுக்கு முன்னாடி, தண்ணி திறந்து விடுறவரப் போயி பாருங்க” என்றார்கள்.

இரவு இரண்டு மணிக்கு எங்களில் ஆண்கள் இருவரும் போனார்கள். மேலத்தெரு முனையில் வால்வைத் திறந்துகொண்டிருந்த அண்ணன், ஒப்பந்தப் பணியாளர், வயது ஐம்பதுக்கு மேல். எங்களைப் பார்த்ததும் பயந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் பேசினார்.

“தம்பி, காலையில ஆறு மணிக்குத் திறந்தா மேலத்தெருவுல அத்தனை பேரும் மோட்டாரப் போட்டு உறிஞ்சிடுறாங்க. கீழத்தெருவுக்குச் சொட்டுக்கூட ஏறாது. அவங்க தூங்குற நேரத்துல திறந்தாத்தான் இந்த சனத்துக்குக் கிடைக்குது. எனக்கு மட்டும் ராத்திரி ரெண்டு மணிக்கு வரணும்னு ஆசையா?”

நாங்கள் வில்லன் என்று நினைத்துப் போன மனிதர், கீழத்தெருப் பெண்களுக்காகத் தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீரை உறிஞ்சியது யார்? மேலத்தெரு. மேலத்தெருவில் இருப்பது யார்? நாம்தான். குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் வைப்பது விதிப்படி தவறு. ஆனால் அது தவறென்றே யாருக்கும் தோன்றவில்லை. ‘எல்லாரும் வைக்கிறாங்க, நாமளும் வைப்போம்’ என்று வைத்தவை.

அந்த மோட்டார்களில் ஒன்று இங்கே நிற்கும் எங்களில் ஒருவரின் வீட்டில் இருந்தது.

இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் பேசிக்கொண்டோம். பிறகு, சொல்லாமல் விட்டால் இந்த உரைக்கே அர்த்தம் இல்லை என்று முடிவு செய்தோம். அன்று இரவு அந்த வீட்டில் பெரிய வாக்குவாதம். “ஊரத் திருத்தப் போயிட்டு வந்து வீட்டு மோட்டாரைக் கழட்டச் சொல்றியா?” என்று வாப்பா சத்தம் போட்டார். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே பிளம்பரைக் கூட்டி வந்தார். தரைக்குக் கீழே ஒரு சிறிய தொட்டி கட்டி, குழாய்த் தண்ணீர் தானாக அதில் விழ வைத்து, அங்கிருந்து மாடித் தொட்டிக்கு மோட்டார் வைத்தார். செலவு கொஞ்சம் கூடத்தான் ஆனது. அவர் இன்று இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் சொல்கிறோம்.

எங்கள் பயிற்சி முடியப் பத்து நாள் இருக்கும்போது பகுதி சபைக் கூட்டம் அறிவிக்கப்பட்டது. முந்தைய கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர் என்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. இந்த முறை ஜும்ஆவுக்குப் பின் அறிவிப்புச் செய்ய ஜமாஅத் நிர்வாகிகள் உதவினார்கள். ஆனால் ஜும்ஆ அறிவிப்பு ஆண்களின் காதோடு நின்றுவிடும் என்பதை நாங்கள் ஏற்கனவே பட்டுத் தெரிந்திருந்தோம். பெண்கள் மதரஸா வழியாகவும், மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாகவும் செய்தி சொன்னோம். நம் சமுதாயம் என்று மட்டும் பார்க்கவில்லை. கீழத்தெருவில் இருக்கும் இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் வீடு வீடாகச் சொன்னோம். குழாய் எல்லோருக்கும் ஒன்றுதான்.

வாடகைக்கு இருப்பவர்கள், “எங்களுக்கெல்லாம் அங்க என்ன வேலை?” என்று தயங்கினார்கள். வாக்காளர் பட்டியலில் இந்த முகவரியில் பெயர் இருந்தால் போதும், சொந்த வீடு தேவையில்லை என்று விளக்கினோம்.

கூட்ட நாளன்று பள்ளிக்கூட வளாகத்தில் போட்ட நாற்காலிகள் போதவில்லை. பாதிக்கு மேல் பெண்கள். கவுன்சிலர் அம்மா வந்திருந்தார்கள். முதல் கேள்விக்கு அவர்களுடைய கணவர் எழுந்து பதில் சொல்லத் தொடங்கினார். கீழத்தெருவிலிருந்து வந்திருந்த ஒரு மூதாட்டி, கைத்தடியை ஊன்றி எழுந்து சொன்னார்கள். “தம்பி, நீங்க இருங்க. நாங்க ஓட்டுப் போட்டது அம்மாவுக்கு. அம்மா பேசட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். கவுன்சிலர் அம்மாவும் சிரித்துவிட்டார்கள். அதன்பின் அவர்களே பேசினார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமானால், நன்றாகவே பேசினார்கள்.

அந்த மூதாட்டி நிற்கவில்லை. “அம்மா, நான் புருசன எழந்து இருவது வருசமாச்சு. ராத்திரி ரெண்டரைக்குக் குடத்தோட வாசல்ல நிக்கிறேன். விழுந்தேன்னா தூக்கக்கூட ஆளில்ல. எனக்குத் தார் ரோடு வேணாம். விடிஞ்சப்புறம் தண்ணி விடுங்க, போதும்” என்றார்கள். நாங்கள் வண்ணம் தீட்டிய கட்டங்கள் எதிலும் இது இல்லை.

மூன்று தீர்மானங்கள் எழுதப்பட்டன. ஒன்று, கீழத்தெருவுக்குத் தனி வால்வு அமைத்து, சுப்ஹுக்குப் பின் தண்ணீர் விடுவது. இரண்டு, குழாயில் நேரடியாக வைத்த மோட்டார்களை அகற்ற எச்சரிக்கை கொடுத்து, பிறகு நடவடிக்கை எடுப்பது. மூன்று, மதரஸா பக்கத்துச் சாக்கடைக்கு மதிப்பீடு தயாரிப்பது. பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டபோது, டீச்சர் சொல்லிக் கொடுத்தபடி, “எழுதினதைச் சத்தமா வாசிங்க, அப்புறம் போடுறோம்” என்றோம். வாசித்தபோது இரண்டாம் தீர்மானம் விடுபட்டிருந்தது தெரிந்தது. வேண்டுமென்று விட்டதாக நாங்கள் நினைக்கவில்லை. எழுதியவர் அவசரத்தில் விட்டிருக்கலாம். அதே இடத்தில் சேர்த்து எழுதி, பிறகு கையெழுத்துப் போட்டோம். தீர்மானப் பக்கத்தைப் போட்டோவும் எடுத்துக்கொண்டோம். இந்த முறை பொன்னாடை இல்லை.

இப்போது நிலை என்ன என்று கேட்பீர்கள். எல்லாம் நடந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். இரண்டாம் தீர்மானத்துக்குப் பயந்தோ, மனம் மாறியோ, மேலத்தெருவில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் மோட்டாரைக் கழற்றிவிட்டார்கள். மீதி வீடுகளில் இன்னும் ஓடுகிறது. தண்ணீர் இப்போது காலை ஐந்தரைக்கு வருகிறது. மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது. தனி வால்வுக்கு மதிப்பீடு போட்டிருக்கிறார்கள், நகர்மன்ற ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. சாக்கடை வேலை தொடங்கவில்லை. ஆனால் இந்த முறை நம்மிடம் தீர்மானமும் தேதியும் இருக்கின்றன. அடுத்த சபையில் ‘அது என்ன ஆச்சு?’ என்று கேட்க முடியும்.

உலகில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். பிரேசில் நாட்டில் போர்ட்டோ அலெக்ரே என்ற நகரம் 1989 முதல், நகரின் பட்ஜெட்டில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று மக்களையே கூடிப் பேசி முடிவு செய்ய வைத்தது. சாக்கடையும் குடிநீரும் இல்லாத ஏழைப் பகுதிகளுக்கு முதலில் பணம் போனதற்கு அந்தக் கூட்டங்கள் உதவின. பக்கத்து மாநிலமான கேரளாவில் 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கி, கிராம சபைகளில் பேசித் திட்டமிடச் சொன்னார்கள். அங்கேயும் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. ஆனால் மக்கள் வந்து உட்கார்ந்த இடங்களில் மாற்றம் வந்தது.

கலந்து பேசி முடிவெடுப்பது நமக்குப் புதிதல்ல. வீட்டில் ஒரு கல்யாணம் என்றாலும், பள்ளிவாசலில் ஒரு சுவர் கட்டுவது என்றாலும் ‘மஷூரா’ செய்யாமல் தொடங்குவதில்லை. அதே பழக்கத்தை நகராட்சி வரைக்கும் கொண்டுபோகச் சொல்கிறோம். அந்த மஷூராவில் பெண்களும், வாடகைக்கு இருப்பவர்களும், கடைசி வீட்டுக்காரர்களும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் இரண்டாம் வாரம் தயாரித்த அழகான அறிக்கை மாதிரி ஆகிவிடும். பார்க்க நன்றாக இருக்கும், தண்ணீர் மட்டும் அதில் இருக்காது.

முடிக்கும் முன், குடும்பங்கள் உடனே செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, வாக்காளர் பட்டியலில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் பெயரையும் பாருங்கள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த மருமகள்கள் பலரின் பெயர் இன்னும் தாய்வீட்டு ஊரிலேயே இருக்கிறது. நாங்கள் போன வீடுகளில் அடிக்கடி கண்டது இது. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. பெயர் இங்கே இல்லாவிட்டால் இந்தத் தெருவின் சபையில் உறுப்பினர் இல்லை.

இரண்டாவது, எந்த மனு கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். தபாலில் அனுப்பினால் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள்.

மூன்றாவது, பகுதி சபை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். கூடவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். கூடினால், வீட்டுக்கு ஓர் ஆண் போனால் போதும் என்று நினைக்காமல் பெண்களையும் அனுப்புங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அந்த ஒரு மணி நேரம் வீட்டு ஆண்கள் இருக்கட்டும்.

நான்காவது, மேலத்தெருவில் இன்னும் மோட்டார் வைத்திருக்கும் வீடுகளுக்கு எங்கள் பணிவான வேண்டுகோள். நகராட்சி வந்து கழற்றும் வரை காத்திருக்க வேண்டாம். கீழத்தெருவில் அந்த மூதாட்டி நமக்காகத்தான் கண் விழித்திருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக அறக்கட்டளை நிர்வாகிகளிடம் ஒரு கோரிக்கை. அலுவலகத்தில் ஓர் அலமாரியில் ஒரு தட்டை எங்களுக்கு ஒதுக்குங்கள். நம் பகுதியின் மனுக்கள், ரசீதுகள், தீர்மான நகல்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அங்கே கோப்பில் வைக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் எங்களில் இருவர் அங்கே இருப்போம். மனு எழுதத் தெரியாதவர்கள் வரலாம். யார் வேண்டுமானாலும், எந்தச் சமயத்தவரும் வரலாம். நாங்கள் படித்து முடித்து வேலைக்குப் போனாலும் அடுத்த வருடப் பிள்ளைகள் அந்தக் கோப்பைத் தொடர்ந்து பார்த்துக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.

எங்களைப் படிக்க வைக்கும் உங்களுக்கும், எங்களிடம் கதவைத் திறந்து பேசிய கீழத்தெருத் தாய்மார்களுக்கும், இரவு இரண்டு மணிக்கு உண்மையைச் சொன்ன அந்த அண்ணனுக்கும் எங்கள் நன்றி. எங்களுக்காக துஆ செய்யுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளிடம் கேளுங்கள், நம் வார்டு எண் என்ன என்று. தெரியவில்லை என்றால் திட்டாதீர்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துக் காட்டுங்கள், அதில் இருக்கும்.

வஸ்ஸலாம்.